அம்மன் கண்ணுக்கு ஒரு லேப்டாப்

நான் எட்டாவது வரை படித்தவன். கோயில் விழாக்களுக்கு லைட் செட் போடுவது தொழில். சொந்தமாக ஒரு பல்புத் தட்டி இருக்கிறது. முப்பதடி உயரம், மாரியம்மன் உருவம். அம்மன் கண் மூடித் திறக்கும். எந்த பல்பு எப்போது எரிய வேண்டும் என்று லேப்டாப்தான் சொல்லும். அதிலிருந்து ஒரு கேபிள் கண்ட்ரோல் பெட்டிக்குப் போகும், பெட்டியிலிருந்து தட்டிக்கு. லேப்டாப் நின்றால் அம்மனும் அப்படியே நின்றுவிடும்.

போன வருடம் திருமங்கலம் பக்கம் ஒரு ஊரில் நின்றது. கரகம் வாசலுக்கு வந்த நேரம், கண் பாதி மூடியபடி. கேபிள் முனையில் கிளிப் உடைந்து ஆடியிருக்கிறது. ஒரு நிமிடத்தில் சரி செய்துவிட்டேன். ஊர்க்காரர்கள் அதைக் கேபிள் என்று எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஊரிலிருந்து பிறகு போன் இல்லை. சுற்றி உள்ள நாலு ஊரிலிருந்தும் இல்லை.

இந்த வருடம் கீழக்குயில்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் மாரியம்மன் கோயில் பொங்கல். தட்டி கட்டும்போதே கமிட்டித் தலைவர் வந்து நின்றார்.

"போன வருசம் அந்தூர்ல கண்ணு நின்னுபோச்சாம்ல?"

"ஆமா."

"இங்க நிக்காதுல்ல?"

"நிக்காது."

தட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

விழா அன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு லேப்டாப் விழுந்தது. தப்பு என்னுடையது. ஸ்பீக்கர் பெட்டி மேல் நிழல் இருந்தது என்று அதன் மேல் வைத்தேன். சவுண்டு சர்வீஸ்காரர் டெஸ்ட்டுக்கு ஒரு பாட்டுப் போட்டார். பெட்டி அதிர அதிர லேப்டாப் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. நான் ஏணியின் உச்சியில் இருந்தேன். கத்தினேன். பாட்டில் யாருக்கும் கேட்கவில்லை.

என் மனைவியின் தம்பிதான் கூட வேலை செய்பவர். எடுத்துத் திறந்து பார்த்தார். திரை பாதி உடைந்து கையோடு வந்தது.

"மச்சான், இது அவ்வளவுதான்."

மகள் பள்ளிக்கூடம் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். மகள் இப்போது திருநகரில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவள் விட்டதை நான் எடுத்துக்கொண்டேன். அதைத் தவிர வேறு லேப்டாப்பை நான் தொட்டதில்லை.

கரகம் ஆறரைக்கு.

"நீ தட்டிய பாத்துக்க மாப்ள. வாரேன்."

எங்கள் வேலையில் எதையும் பேர் சொல்லி வாங்குவதில்லை. பழையதைக் கொண்டுபோய்க் காட்டி, இது மாதிரி ஒன்று என்போம். ஒரு கட்டைப்பையில் உடைந்த லேப்டாப், கண்ட்ரோல் பெட்டி, கேபிள், ஒரு சரம் பல்பு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டேன். பென்டிரைவ் சட்டைப் பையில். அதில்தான் பல்பை ஓட்டும் புரோகிராம் இருந்தது. வேறு காப்பி கிடையாது.

பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஏசி கடை. மணி ரெண்டு. கவுண்டரில் ஒரு பெண் வந்தது.

"என்ன யூஸுக்குண்ணே? படிக்கவா, ஆபீஸா, கேமா?"

"அம்மனுக்கு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பையைப் பார்த்தது. நடந்ததைச் சொன்னேன். ஒல்லியாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது. நான் கேபிள் முனையை எடுத்து நாலு பக்கமும் வைத்துப் பார்த்தேன். ஓட்டையே இல்லை.

"இப்ப வார மாடல்ல லேன் ஓட்டை இருக்காதுண்ணே. ஒரு கனெக்டர் தாரேன், சொருகிக்கலாம்."

சொருகிக் காட்டியது. நான் விரலால் தட்டினேன். ஆடியது.

"ஆடுது."

"லேசாத்தானண்ணே."

"அன்னைக்கும் லேசாத்தான் ஆடுச்சு."

அடுத்ததை எடுத்தது. அதிலும் இல்லை. அஞ்சு லேப்டாப்பில் கேபிளை வைத்துப் பார்த்திருப்பேன். மேனேஜர் வந்தார்.

"அண்ணே, இது ஷோரூம். ஒயரெல்லாம் விரிக்கக் கூடாது."

நான் ஒயரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டேன். போகவில்லை. போன் அடித்தது, மச்சினர்.

"மச்சான், தலைவர் வந்து கேக்காரு. என்ன சொல்ல?"

"டெஸ்ட் நடக்குதுன்னு சொல்லு."

அந்தப் பெண் கீழ்த்தட்டில் குனிந்து ஒரு பெட்டியை இழுத்தது. தடியாக, கறுப்பாக ஒன்று. ஆபீஸ்களுக்கு வாங்குவார்களாம், வீட்டுக்கு யாரும் கேட்பதில்லையாம். கேபிளை வைத்தேன். டக்கென்று பிடித்தது. இழுத்தேன், வரவில்லை.

"இது போதும்."

"அண்ணே, இதுல பாட்டுச் சத்தம் கம்மி. ஸ்கிரீனும் சுமார்தான்."

"சத்தத்துனாலதான் இங்க வந்து நிக்கேன்."

அப்போதுதான் சிரித்தது.

பென்டிரைவைச் சொருகினேன். புரோகிராம் ஒரு நொடி தெரிந்தது. அப்புறம் காணோம். மூலையில் ஏதோ இங்கிலீஷில் வந்து போனது.

"வைரஸ்னு நெனச்சு எடுத்துருச்சுண்ணே."

"எடுத்து?"

"அழிச்சிருச்சு."

மேனேஜர் பெரிய குரலில் கேட்டார், "வைரஸ் பென்டிரைவையா புது மெஷின்ல சொருகுனீங்க?" கடையில் எல்லாரும் திரும்பினார்கள். அந்தப் பெண் அவரைப் பார்க்காமல் தட்டிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, இது உங்க சொந்தப் புரோகிராம்தான?"

"ஏழு வருசமா ஓட்டுறேன்."

"சரிண்ணே. அழிச்சதா காட்டும், ஆனா தனியா எடுத்து வச்சிருக்கும்."

ரொம்ப நேரம் தேடியது. நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தேன். ஒரு இடத்தில் அமுக்கியது. புரோகிராம் திரும்ப வந்தது. சரத்தை மாட்டினேன். கவுண்டர் மேல் சிவப்பு, பச்சை, மஞ்சள் ஓடியது. மேனேஜர்கூட நின்று பார்த்தார்.

"மறுபடி அழிக்குமா?"

"விட்டுறச் சொல்லிருக்கேன். இருந்தாலும் நெட்டு மட்டும் குடுத்துறாதீங்க."

விலை நான் நினைத்ததைவிடக் கூட. பேரம் பேசாமல் கொடுத்தேன்.

ஊருக்கு வரும்போது அஞ்சேகால். இந்தத் தடவை லேப்டாப்பை ஒரு மர ஸ்டூலில் வைத்து, ஸ்டூலைக் கம்பத்தோடு கட்டினோம். மாட்டிவிட்டதும் அம்மன் எரிந்தது. கண் மூடியது, திறந்தது. மச்சினர் பீடி பற்ற வைத்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். லேப்டாப் திரை கறுத்தது. தட்டி அப்படியே நின்றது. அம்மன் கண் மூடியிருந்தது.

ஓடிப்போய்த் தொட்டேன். திரை வந்தது. கண் திறந்தது.

"என்ன மச்சான்?"

"தெரியல."

இன்னொரு பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே மாதிரி. தொடாமல் விட்டால் தூங்கிவிடுகிறது. பழையது தூங்கியதே இல்லை. அது அந்த மெஷினின் குணம் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். மகளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கடைக்குப் போட்டேன், எடுக்கவில்லை. ஆற்றுப் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. கரகம் கிளம்பிவிட்டது. மச்சினரை ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஸ்டூல் பக்கத்தில் நின்றேன். லேப்டாப்பில் விரல் வைக்கும் சதுரத்தில் ஒரு விரலை வைத்து மெல்லத் தேய்த்தேன். திரையில் அம்பு இடம் போனது, வலம் போனது. நிறுத்தவில்லை.

தட்டி எனக்கு முதுகுப் பக்கம். திரும்பிப் பார்த்தால் கை நின்றுவிடுமோ என்று திரும்பவில்லை. எதிரே தலைவர் வெள்ளைச் சட்டையில் நின்றார். சட்டை சிவப்பானது, மஞ்சளானது. கண் மூடும்போது கொஞ்சம் இருட்டும், திறந்தால் வெளுக்கும். அதை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. கரகம் வாசலுக்கு வந்தது. குலவை போட்டார்கள். சட்டை இருண்டது. எண்ணினேன், ஒன்று, ரெண்டு, மூன்று. வெளுத்தது.

கரகம் உள்ளே இறங்கிய பிறகு தலைவர் என்னிடம் வந்தார். என் விரலைப் பார்த்தார். யாரையோ கூப்பிட்டு, "லைட்டுக்காரருக்கு ஒரு டீ குடுங்கப்பா" என்றார். இடது கையில் வாங்கிக் குடித்தேன்.

எட்டு மணி இருக்கும், மகள் கூப்பிட்டாள். சொன்னேன்.

"அப்பா, அது தூங்காம இருக்கதுக்கு ஒரு செட்டிங் இருக்கு. பழசுல நான்தான பண்ணி வச்சேன்."

"எப்ப?"

"ஸ்கூல் படிக்கும்போது. படம் பாக்கையில அணைஞ்சு அணைஞ்சு போகும்னு."

அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அமுக்கினேன். ரெண்டு நிமிட வேலை. விரலை எடுத்தேன். பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் திரும்பி அம்மனைப் பார்த்தேன்.