காதர் உட்கார்ந்த இடம்

புது கேபிளின் தோலைச் சீவும்போது ஒரு வாசனை வரும். சூடான ரப்பரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தெளித்த மாதிரி. போன வாரம் ராஜபாளையத்தில் காதரின் எலெக்ட்ரிக்கல் கடையில் அது என் மூக்கில் ஏறியது. காதர் சீவிக்கொண்டே, "பேப்பர் பாத்தியாலே? நாம வேல பாத்த ஏர்போர்ஸ் ரன்வேல லைட்ட பூரா மாத்துறாங்களாம். எல்லாம் எல்இடி" என்றான்.

"மாத்தட்டும்" என்றேன். வாய்தான் சொன்னது. பழைய எரிச்சல் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போது எங்களுக்கு இருபத்துச் சொச்சம் வயது. நான் ஸ்ரீவில்லிபுத்தூர், அவன் ராஜபாளையம். ஒரே காண்ட்ராக்டரிடம் சேர்ந்து, வடக்கே ஒரு விமானப்படைத் தளத்துக்குப் போனோம். பழைய விளக்குகளைப் பிடுங்கிவிட்டுப் புதியவை பதிக்கிற வேலை. ஓடுபாதையின் ஓரங்களுக்கு வெள்ளை, தொடக்கத்தில் பச்சை, முடிவில் சிவப்பு, விமானம் ஊர்ந்து போகும் வழிக்கு நீலம். அந்த நீலம் இருக்கிறதே, அதற்குப் பிறகு எந்தப் புடவையிலும் நான் அதைப் பார்த்ததில்லை. தேடித் தேடி அலுத்து, என்னை ஜவுளிக்கடைக்குக் கூட்டிப்போவதையே மனைவி நிறுத்திவிட்டாள்.

என் பொறுப்பு, தரையிறங்கும் இடத்தருகே இருந்த நான்கு விளக்குப் பெட்டிகள். சரியான உயரத்தில் வரும் விமானிக்கு அவற்றில் இரண்டு சிவப்பாகவும் இரண்டு வெள்ளையாகவும் தெரியும். தாழ்ந்துவிட்டால் நான்கும் சிவப்பு, உயர்ந்துவிட்டால் நான்கும் வெள்ளை. புழுதியில் படுத்து, ரசமட்டம் பிடித்து, அந்தச் சாய்வை வைத்தவன் நான். ஆனால் தரையில் நிற்பவனுக்கு அந்தக் காட்சி கிடையாது. சமைத்தவனுக்கு மட்டும் பந்தியில் இலை போடவில்லை.

அதனால்தான், விளக்குகளை மேலிருந்து சரிபார்க்கப் பறக்கும் சோதனை விமானத்தில் எங்கள் ஆள் ஒருவர் ஏறலாம் என்று தளத்து அதிகாரி சொன்னதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையசைத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

அன்று சாயங்காலம் ஸ்விட்ச் போடும் முன் பூஜை. எங்கள் பக்கத்தில் தறியோ, டிராக்டரோ, மாவரைக்கிற கிரைண்டரோ, பொட்டு வைக்காத மிஷின் ஓடியதாக எனக்கு நினைவில்லை. பெட்டிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அது போதாதென்று, சாமிக்கு நெற்றியில் வைப்பதுபோல நான்கு பெட்டிக் கண்ணாடிகளின் நடுவிலும் ஆளுக்கொரு பொட்டு. காதர்தான் கற்பூரத் தட்டைப் பிடித்திருந்தான்.

அதிகாரி மலையாளி. குனிந்து பார்த்தார். "இது ஆரு வச்சது?"

"நான்தான் சார். நல்ல காரியத்துக்கு..."

"லேம்பு சூடாவும். சந்தனம் கரிஞ்சா வெளிச்சம் மாறிப்போவும். நீ இங்க நின்னு நாலும் துடைக்கணும்." விரல் காதர் பக்கம் திரும்பியது. "இவன் வரட்டே."

காதர் தட்டை என் கையில் கொடுத்தான். "பிடி மாப்ள, செத்த நேரத்துல வாரேன்."

விமானம் தாழ்ந்து என் தலைக்கு மேல் போனது. கையில் துணியோடு அதன் அடிவயிற்றைப் பார்த்தேன்.

இறங்கியதும் ஓடி வந்தான். "எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒங்கூர் தேர் வடத்த தரையில நேரா போட்டு, பூரா பல்பு கோத்த மாதிரி. ஓரத்துல ஒன் பொட்டி, ரெண்டு செவப்பு ரெண்டு வெள்ள."

என் இடத்தில் உட்கார்ந்தது போக, எங்கள் ஊர்த் தேரையும் அல்லவா எடுத்துக்கொண்டான். தளத்துக்குள் கேமராவுக்கு அனுமதி கிடையாது. இருந்தது அவன் சொன்ன அந்த இரண்டு வரிதான். எத்தனை டீக்கடைகளில் அதைச் சொன்னான் என்கிறீர்கள்! ஒவ்வொரு தடவையும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறைகூட நானாகக் கேட்டதில்லை.

போன வாரம் கேட்டேன். "மேல இருந்து பாத்தியே, அதச் சொல்லு."

சீவுவதை நிறுத்தி யோசித்தான். "ஏறுனேன். எறங்கி வாந்தி எடுத்தேன். மத்தது ஒண்ணும் நெனப்பில்ல மாப்ள. சுகர் வந்த பொறவு எம்புட்டோ போயிருச்சு."

நான் சொன்னேன், அவன் சொன்னதையே, ஒரு பல்பு விடாமல்.

"அப்படியா இருந்துச்சு?" என்றான், முதல் தடவை கேட்பவனைப் போல.

விளக்குகளை இந்நேரம் தோண்டி எடுத்திருப்பார்கள். பார்த்த அந்த ஒருத்தனிடமும் அந்தக் காட்சி இல்லை. ஆனாலும் பஸ்ஸில் திரும்பும்போது எரிச்சல் அடங்கவில்லை. மறந்துபோவதற்கு அவனுக்காவது ஒன்று இருந்தது.