ஐம்பது மில்லிமீட்டருக்காக ஜெபல் அலி வரை

ஷார்ஜாவிலிருந்து ஜெபல் அலிக்குத் தனியாகப் பேருந்தில் போக நினைக்கும் பிளஸ் டூ பெண்களுக்காக இதை எழுதுகிறேன். தட்டச்சு சத்தத்தில் அம்மா எழுந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு எழுத்தாக அடிக்கிறேன். பெயர் மட்டும் கேட்காதீர்கள்.

செய்தித்தாளில் வந்த ஒரு விளம்பரம்தான் காரணம். ஜெபல் அலியில் விமான உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்கள் இருக்கின்றன, ஓட்ட ஆள் இல்லை. வெளியிலிருந்து ஆள் வந்து சேர மாதக்கணக்கில் ஆகிறதாம். அதனால் இங்கேயே பிளஸ் டூ எழுதியவர்களில் இரண்டு பேரை எடுத்துப் பயிற்சி தரப் போகிறார்கள். தேர்வு வியாழன் காலை பத்து மணிக்கு.

அம்மா எனக்கு பி.காம். என்று முடிவு செய்துவிட்டார். "கிரீஸ் நாத்தம் உங்கப்பா சட்டையோட போகட்டும்" என்பார். அப்பா புஜைராவில் கப்பல் பட்டறையில் லேத் ஓட்டுகிறார். வியாழன் மாலை வீட்டுக்கு வருவார். அவருடைய பழைய மைக்ரோமீட்டரில் திர்ஹம் காசுகளை அளந்துதான் சின்ன வயதில் நான் விளையாடினேன்.

கம்ப்யூட்டர் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டு 6.40-க்குக் கிளம்பினேன். பர் துபாய் வரை ஐந்து திர்ஹம். பதினைந்து கிலோமீட்டர்தான், ஆனால் நெரிசலில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ஜெபல் அலி பேருந்து, மூன்று திர்ஹம், முன்வரிசை பெண்களுக்கு. வழியெல்லாம் மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கடைசித் துண்டுக்கு டாக்ஸி, பத்து திர்ஹம்.

"பேட்டி, இது ஃபாக்டரி. ஸ்கூல் மாஃபி" என்றார் பட்டாணியரான டிரைவர்; மகளே, இங்கே பள்ளிக்கூடம் இல்லை என்று அர்த்தம்.

"தெரியும் சாச்சா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

உள்ளே பதினோரு பையன்கள், நான் ஒருத்தி. திருச்சிக்காரரான ஃபோர்மேன் வெளியே வெயிலில் நின்ற பிக்கப்பிலிருந்து ஒரு பெட்டியை இறக்கச் செய்து, ஆளுக்கு ஓர் அலுமினியக் கட்டி கொடுத்தார். "அம்பது மில்லிமீட்டர் இருக்கணும். அளந்து, பாஸா கழிவான்னு எழுதிக் குடுங்க. அரை மணி நேரம்."

கட்டி சுட்டது. என் கை நடுங்கிய நடுக்கத்தில் மைக்ரோமீட்டர் கடகடவென்று ஆடியது. இரண்டையும் ஏசிக்கு நேரே மேசையில் வைத்துவிட்டுக் கைகளைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டேன்.

"என்ன, பூஜை போடுறியா?" என்றான் பக்கத்துப் பையன். அவன் 50.03, கழிவு என்று எழுதி ஐந்தே நிமிடத்தில் கொடுத்துவிட்டான். நடுக்கம் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. பிறகு அளந்தேன்: 50.00. மூன்று முறை அளந்தும் அதேதான்.

ஃபோர்மேன் என் தாளைப் பார்த்துச் சிரித்தார். "சூட்டுல அலுமினியம் வீங்கும். ஆறுன பிறகு அளந்தது நீயும் அந்தக் கண்ணாடி போட்ட பையனும்தான்."

"சார், கை நடுங்குச்சு. அதான் வச்சிட்டேன்."

"நடுங்கட்டும்மா. கீழ வச்சியே! மெஷின் ரெண்டு மாசத்துல வந்துருது, இப்படி ஒரு ஆள்தான் வரமாட்டேங்குது." கட்டியை எனக்கே கொடுத்து, கூடவே ஒரு படிவமும் தந்தார். எனக்குப் பதினெட்டு வயது ஆகாததால் அப்பாவின் கையெழுத்து வேண்டும். ஞாயிறுக்குள் வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

மாலை ஐந்தரைக்கு வீடு சேர்ந்தேன். எனக்கு முன்பே வந்திருந்த அப்பா, பை கனக்கிறதே என்று திறந்து கட்டியை எடுத்துவிட்டார்.

"இது எங்கேந்து மக்களே?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் மைக்ரோமீட்டரை எடுத்து வந்தார். ஆனால் அளக்கவில்லை. கட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஏசிக்குக் கீழே வைத்தார். "பஸ் சூடு. ஆறட்டும்."

அந்தக் கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசியாகக் கை நடுங்கியதைச் சொன்னபோது, ஆறிய கட்டியை அளந்துகொண்டே அவர் சிரித்த சிரிப்பில் அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அங்க என்ன சிரிப்பு?"

அப்பா படிவத்தில் கையெழுத்துப் போட்டு என் பைக்குள் தள்ளினார். "நாளைக்கு அம்மாட்ட நான் சொல்லுதேன், நீ வாயத் திறக்காத" என்று கிசுகிசுத்தார்.

போகிறவர்களுக்கு: ஆறு மணிக்கே கிளம்புங்கள். தண்ணீர் பாட்டிலும் சில்லறையும் அவசியம். போக மட்டும் பதினெட்டு திர்ஹம். எதைக் கையில் கொடுத்தாலும் உடனே அளக்காதீர்கள். பயமாக இருந்தால் இன்னும் நல்லது, கொஞ்சம் தாமதமாகும்.

என்ன சிரிப்பு என்று அடுக்களையிலிருந்து கேட்ட அம்மாவுக்கு அப்பா சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன்: "ஒண்ணுமில்ல, அளவு சரியா இருக்கு."