இரண்டாம் பாதி மச்சானுக்கு

"அவனிட்டைச் சொல்லு, முழங்காலை மடக்கி நிக்கட்டும்" என்பார் கிராணியார். அந்த 'அவன்' இரண்டடி தள்ளித்தான் நிற்பான். "முட்டிய மடக்கச் சொல்றாருடா" என்று நான் சொன்ன பிறகுதான் மடக்குவான். மலேசியாவில், ரந்தாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் எங்கள் கூடைப்பந்துப் பயிற்சி இந்த லட்சணத்தில்தான் நடந்தது. அவன் என் மாமா மகன். என் வயதுதான், எனக்கு மச்சான். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த கிராணியார் எஸ்டேட் ஆபீஸ் கணக்குப்பிள்ளை, யாழ்ப்பாணத்துக் குடும்பம். கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று அவருக்கும் மாமாவுக்கும் ஊர் நடுவில் வாய்த்தகராறு வந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ஆனாலும் மச்சானை அணியிலிருந்து நீக்க அவருக்கு மனம் வரவில்லை. அவ்வளவு அழகாகப் பந்து போடுவான். அதனால் நடுவில் தூதுவனாக நான்.

எங்கள் அணியின் தலைவலியும் நாங்கள் இருவரும்தான். பந்தைக் கொண்டுபோகும் கார்ட் இடம் இரண்டிலும் நாங்களே ஆடினோம். இருவருக்குமே கூடையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. எதிராளியைத் தடுப்பது வேறு யாரோ செய்யவேண்டிய வேலை என்று நினைப்பு. இப்படி இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஜெயிக்கவே முடியாது என்று எஸ்டேட்டே கேலி பேசியது. முடியும் என்றவர் கிராணியார் ஒருவர்தான். முதல் பாதியில் ஒருவன் அடிக்கட்டும், மற்றவன் எதிரணியின் நல்ல ஆட்டக்காரனை விடாமல் தடுக்கட்டும். இரண்டாம் பாதியில் மாறிக்கொள்ளட்டும் என்றார். அவ்வளவுதான் விஷயம். அதற்குப் பிறகு நாங்கள் தோற்கவே இல்லை, அந்த வருடப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை.

இறுதி ஆட்டம் சிரம்பான் நகரின் லோபாக்கில். மாநில அணிக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த அணியில் இடம் கிடைத்தால் கூடவே ஆபீஸ் வேலையும் கிடைக்கும், ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுக்கப் போகவேண்டியதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். முதல் பாதியில் நான் அடித்தேன், மச்சான் தடுத்தான். இடைவேளையில் அவன் பின்பக்கக் குழாயடிக்குப் போயிருந்தபோது கிராணியார் என்னிடம் சொன்னார்: "இனி அவன் அடிக்கட்டும், நீ தடு. போய்ச் சொல்லு."

போனேன். மச்சான் தலையை நனைத்துக்கொண்டிருந்தான். "என்னடா சொன்னாரு?" என்று கேட்டபோது அவன் முகத்தில் இருந்த ஆசையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"நீயே தடுக்கணுமாம்" என்றேன்.

"கோயில் கோவத்த இங்க காட்டுறாரு லா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து தடுத்தான். கோட்டுக்கு வெளியே நின்ற கிராணியார் என்னைப் பார்த்துக் கைகளைச் சுழற்றி, மாறு மாறு என்று சைகை காட்டினார். ஓடிப்போய், "அவன் கேக்க மாட்டேங்கிறான், ஐயா" என்றேன். இது இரண்டாவது பொய். அந்த நேரத்திலாவது அவர் ஆட்டத்தை நிறுத்தி அவனிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்த வீம்பை நம்பித்தான் நான் அவ்வளவு துணிந்தேன். களைத்துப்போன மச்சான் ஐந்தாவது ஃபவுல் வாங்கி, விதிப்படி ஆட்டத்தை விட்டு வெளியேறினான். பிறகு தடுக்க ஆளில்லை; தோற்றோம். மாநில அணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து சம்பாதித்தேன். மச்சான் இன்றைக்கும் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறான். என் பிள்ளைகளின் பள்ளி முதல் நாளுக்கெல்லாம் அவன்தான் வந்து நின்றான். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைப்பேன், சொல்லமாட்டேன். நான் கோழை, வேறென்ன.

சென்ற மாதம் கிராணியார் தவறிவிட்டார். சிரம்பானில் இருந்த அவர் வீட்டுக்கு மச்சான்தான் தன் காரில் என்னைக் கூட்டிப்போனான். அவன் இறங்கவில்லை. "என் வாழ்க்கைய கெடுத்த மனுசன்டா. நீ போய்ப் பாத்துட்டு வா" என்றான். உள்ளே அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பிள்ளை என்ர சொல்லைக் கேட்டிருந்தா மாநிலத்துக்கு ஆடியிருப்பான் எண்டு அப்பா கடைசிவரைக்கும் சொல்லிக் கவலைப்பட்டவர்" என்றாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

திரும்பும் வழியில், ரந்தாவ் சாலையில், எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் காரை ஓரங்கட்டினான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எடுத்துருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காரைத் திருப்பினான்.

உடலை எடுத்துவிட்டார்கள். வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் திறக்கப் போனேன்.

"நீ இங்கயே இரு" என்றான்.

செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் ஈரத்தில் போய் நின்றான். மகள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். மச்சான் ஏதோ சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, நான் இருந்த காரைத் திரும்பிப் பார்த்தாள்.