லாரி வரிசையில் ஒட்டிய கட்டம்

அண்ணன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு அண்ணி சாப்பாட்டு வியாபாரம் தொடங்கினாள். தனியாகக் கடை கிடையாது. திருவொற்றியூரில் எங்கள் வீட்டுச் சமையலறைதான். எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி டிரைவர்களுக்கு மீன்குழம்புச் சோறு. வண்டியை விட்டு நகர்ந்தால் பின்னால் நிற்பவன் முந்திவிடுவான் என்று அவர்கள் மதியம் முழுக்கப் பட்டினியாகவே உட்கார்ந்திருப்பார்கள்.

பொட்டலங்களை அண்ணன் மொபெட்டில் எடுத்துப் போவார். ஆனால் அவருக்குக் கூவி விற்க வராது. பத்திருபது வருஷம் மிஷினோடு மட்டுமே புழங்கிய மனிதர். லாரி ஓரமாக வண்டியை நிறுத்தி, யாராவது கேட்பார்களா என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். பாதிச் சோறு வீட்டுக்கே வந்துவிடும். சாயங்காலம் நாங்கள் அதையே சாப்பிடுவோம்.

நான் அப்போது ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கியூஆர் கோடு என்ற சமாசாரம் அங்கே இணையத்தில்தான் கண்ணில் பட்டது. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரம். அதற்குள் போன் நம்பரை வைத்துவிடலாம். கேமரா போனைக் காட்டினால் நம்பர் திரையில் வந்துவிடும். வெளிநாட்டில் கடைக்காரர்கள் விளம்பரத்தில் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தது. அண்ணியின் நம்பரை வைத்து ஒரு கட்டம் செய்தேன். மேலே ‘மீன் சாப்பாடு’ என்று மட்டும் சிறியதாகப் போட்டு ஸ்டிக்கராக அடித்து, சாலை நடுவிலிருந்த சிமென்ட் கட்டைகளில் ஒட்டினோம். அழகாகத்தான் இருந்தது.

ஒரு போன்கூட வரவில்லை. சில நாள் கழித்து ஒரு டிரைவர் அண்ணனை நிறுத்திக் கேட்டிருக்கிறார்.

“நைனா, அந்தக் கட்டம் கட்டமா ஒட்டினது நீதானா? போலீஸ்காரன் ஏதோ மெஷின் வச்சுகீறான்னு நாங்க தள்ளி நிறுத்திகினு கீறோம்.”

கிளீனர் ஒருவர், அதற்கு நேராகப் போனைக் காட்டினால் பேலன்ஸ் போய்விடும் என்று எல்லோரையும் எச்சரித்து வைத்திருந்தாராம். அண்ணன் வந்து சொன்னபோது அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“உன் போன எடுத்துகினு வாம்மே. நேர்ல காட்டிட்டு வரலாம்.”

உச்சி வெயிலில் இருவரும் லாரி வரிசையோடு நடந்தோம். முதல் கட்டத்துக்குப் பக்கத்தில் அண்ணி ஒரு லாரியின் கதவைத் தட்டி டிரைவரை எட்டிப் பார்க்கச் சொன்னாள். நான் போனைக் காட்டினேன். நம்பர் வந்தது. அழுத்தினேன். அண்ணியின் கையிலிருந்த போன் அடித்தது. நாலைந்து பேர் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள்.

“எங்க போன்ல இது வருமாக்கா?” என்றார் ஒருவர். அவர் போனில் கேமராவே இல்லை. பாதிப் பேருடையதிலும் இல்லை.

“வராட்டி போவுது. நம்பர ஏத்திக்கோ. மிஸ்டு கால் குடு, நானே கூப்புடுறேன்” என்றாள் அண்ணி.

மறுபடி ஸ்டிக்கர் அடித்தோம். இந்த முறை நம்பர் பெரியது, கட்டம் மூலையில். ‘மிஸ்டு கால் கொடுங்க, வண்டிக்கே சோறு வரும்’ என்று ஒரு வரி. மிஸ்டு கால்கள் வரத் தொடங்கின. ஆனால் கூப்பிட்டவர் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிப்பது பெரிய பேஜாராக இருந்தது. எல்லா லாரியும் ஒரே மாதிரி. டிரைவர்களில் பலருக்கு ஊரும் தெரியாது.

அதற்கு வழி சொன்னது அண்ணன். “ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு படம் போடு. ஒண்ணுல மீனு, ஒண்ணுல நண்டு, ஒண்ணுல எறா. எங்க ஆலையில பைப்புக்குப் பைப்பு கலர் அடிச்சு வச்சிருப்போம், தேட வேணாம் பாரு.” வேலை போன பிறகு அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அதன்பின் போன்கள் வேறு மாதிரி வந்தன. “நண்டாண்ட நிக்கிறேன்க்கா, ரெண்டு சாப்பாடு.” அண்ணன் நேராகப் போய்க் கொடுத்துவிட்டு வருவார், கூவ வேண்டியதில்லை.

கட்டத்தை உண்மையில் போனில் படித்தவர்கள் மிகக் குறைவு. நெல்லூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவர் புதுப் போன் வாங்கியிருந்தார். ஒவ்வொரு தடவை வரும்போதும் அதைக் கட்டத்துக்கு நேராகப் பிடித்து மற்றவர்களுக்கு வேடிக்கை காட்டுவார். கூடிய கூட்டம் சாப்பாட்டையும் வாங்கிக்கொண்டு போகும். எங்களுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வாய்க்கவில்லை.

நாளடைவில் சில டிரைவர்கள் ஆந்திர எல்லையில் தடா ஊரைத் தாண்டும்போதே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்களோடு அண்ணனே பேசினார், அரைகுறைத் தெலுங்கில், சிரித்துக்கொண்டு. அந்தச் சமயத்தில்தான் பழைய தொழிற்சாலைத் தோழர் ஒருவர், மணலியில் ஒரு கிடங்கில் வாட்ச்மேன் வேலை காலியாக இருக்கிறது என்று சொல்ல வீட்டுக்கு வந்தார். அண்ணன் அவரை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். வேலையைப் பற்றிக் கேட்டபோது, “பாக்கலாம்பா” என்றார். அந்த வேலைக்கு அண்ணன் போகவில்லை.