கன்னத்துப் பள்ளமும் கழுவிய போத்தலும்

மாத்திரை மட்டும் கொடுக்கிற டாக்டரை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் டாக்டர் என்றே ஒப்புக்கொள்வதில்லை. ஊசி போட வேண்டும். போட்ட இடம் இரண்டு நாள் வலிக்க வேண்டும். அம்மா இருமலுக்கும் ஊசி கேட்பாள், இடுப்பு வலிக்கும் ஊசி கேட்பாள். முகத்துப் பள்ளத்தை நிரப்பவும் ஹாலிஎலயில் ஒருவர் ஊசி போடுகிறார் என்று கேள்விப்பட்டால் அவள் சும்மா இருப்பாளா?

பள்ளம் என்னுடையது. சின்ன வயதில் கட்டி உடைந்து, இடது கன்னத்தில் ஒரு தேயிலை விதை படுத்துறங்கும் அளவுக்குக் குழி. எண்பதுகளின் தொடக்கம், எனக்கு இருபது வயது. ஞாயிறன்று வெலிமடையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். புதன்கிழமையே அம்மா வேலைக்குப் போகாமல் என்னை பஸ் ஏற்றினாள். அக்காவும் கூட வந்தாள். அக்கா பதுளை ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்கில் நர்ஸ். எங்கள் லயத்திலிருந்து வெள்ளை உடுப்புப் போட்ட முதல் ஆள்.

மாடியறை. ஊசிக்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

“என்ன மருந்துங்க?”

“சிலிக்கன், தங்கச்சி. வெளிநாட்டுச் சாமான்.”

அக்கா போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். “லேபல் இல்லையே?”

“கழுவுறப்ப போயிருச்சு.”

“மருந்து இருக்கற போத்தல யாருங்க கழுவுவாங்க? அப்ப இது ஏற்கனவே தீந்த போத்தல்தானே?”

அவர் போத்தலைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்; அக்கா கொடுக்கவில்லை.

“சரி, உள்ள போனத வெளிய எடுக்க வழி இருக்கா?”

“எதுக்கும்மா எடுக்கணும்?”

அக்கா அம்மா பக்கம் திரும்பினாள். “இது போட்ட எடத்துல நிக்காதும்மா. எறங்கிக் கட்டி தட்டும். ரத்தக்குழாய்க்குள்ள போச்சுன்னா கண்ணே போயிரும். எங்க கிளினிக்குக்கு ஒருத்தி வந்தா, அறுத்தும் முழுசா எடுக்க முடியல.”

திரும்பும் பஸ்ஸில் அம்மா மெதுவாகக் கேட்டாள்: “வேற நல்ல ஊசி ஒண்ணும் இல்லையாடி?”

“இருந்தா நானே போட்டிருக்க மாட்டேனா?”

ஞாயிறு வந்தது. இடது கன்னம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி என்னை உட்கார வைத்திருந்தார்கள். ஆனாலும் மாப்பிள்ளையின் அம்மா கண்டுவிட்டாள். “கன்னத்துல என்னா அது?”

அம்மா எழுந்து வந்து என் முகத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“நல்லா பாருங்க! இதுக்கு ஊசி போடத்தான் போனோம். நாலே கேள்வி, அந்தாளு அப்படியே நின்னுட்டான். கேட்டது யாருங்கிறீங்க? எம் பெரிய மவ! பதுளையில நர்ஸு!”

அவ்வளவுதான், பெண் பார்க்க வந்தவள் பெண்ணை மறந்தாள். அக்காவிடம் நகர்ந்து கழுத்தைக் காட்டினாள். “இது ரெண்டு வருசமா அரிக்குது, பாரு புள்ள. ஊசி போடணுமா?”

“வேணாங்க, களிம்பு போதும்.”

ஊசி இல்லை என்றதும் அவள் முகம் வாடியதே, அப்போதே தெரிந்துவிட்டது, இவர்களும் நம் ஆட்கள்தான்.

அடுத்த மாதம் கல்யாணம். ஸ்டூடியோக்காரர் வலது கன்னத்தைக் காட்டச் சொன்னார். நான் இடது கன்னத்தைக் காட்டினேன்.