ஏழு மணிக்குக் கருகிய நாற்று

1. மெமோவுக்கு நான் எழுதிய பதில்

அரசு வேலையில் நான் எழுதியவற்றிலேயே மிகச் சின்னக் கடிதம்தான் எனக்கு மிகப் பெரிய தொல்லையைக் கொண்டுவந்தது.

நீலகிரியில் எமரால்டு பக்கத்தில் ஓர் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை. நான் அங்கே இரண்டாம் நிலை மேற்பார்வையாளர். நாற்றங்கால் என் பொறுப்பு. ஒரு ஜனவரியில் உறைபனி விழுந்து, விவசாயிகளுக்குக் கொடுக்க வைத்திருந்த மரத்தக்காளி நாற்று பாதி போய்விட்டது. அடுத்த வாரம் என் கையில் பதினேழு பி மெமோ. அரசு ஊழியருக்கு இது புரியும். பதினேழு ஏ என்றால் கண்டிப்போடு தப்பிக்கலாம். பதினேழு பி என்றால் பதவியே போகலாம்.

நிதானமாக உட்கார்ந்து பதில் எழுதியிருக்க வேண்டும். எனக்கு நிதானம் என்பது அப்போது கிடையாது. 'பெய்தது பனி. மெமோவைப் பனிக்கு அனுப்பவும்' என்று எழுதி, கீழே கு. பாக்கியம் என்று கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு அடுத்த சீனியாரிட்டியில் இருந்த ராஜேந்திரன் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, இதையா குடுக்கப் போறீங்க? வேண்டாங்க்கா. ஒரு பக்கத்துக்கு ஒழுங்கா எழுதுங்க."

"இதுல எது பொய்யி?"

"பொய் இல்லீங்க. ஆனா ஆபீசர் படிச்சா குதிப்பாருங்க."

குதித்தார்.

2. மிலாரை எடுக்கச் சொன்னது யார்

பனிக்காலத்தில் எங்கள் பக்கத்தில் நாற்றங்காலை எப்படிக் காப்பாற்றுவோம் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். கோத்தகிரி மிலார் என்று ஒரு புதர்ச்செடி உண்டு. அதை வெட்டி வந்து, சாயங்காலம் நாற்றுப் பாத்தி மேல் கூரை மாதிரி பரப்பிவிடுவோம். பனி அதன் மேல் விழும், நாற்று பிழைக்கும். அதையும் மீறி விழுந்துவிட்டால், விடிவதற்கு முன்னால் வந்து தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட வேண்டும். வெயில் படுவதற்குள் இது முடிய வேண்டும். நீலகிரியில் செடி வளர்க்கிற எல்லாருக்கும் இது தெரியும்.

எங்கள் பண்ணை அலுவலர் சமவெளிக்காரர். வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மறுநாள் மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்ததும், அன்று சாயங்காலம் நாற்றங்காலுக்கு வந்து நின்றார்.

"என்னம்மா இது, குப்பையைக் கொட்டி வெச்ச மாதிரி இருக்கு? எல்லாத்தையும் எடுத்துடுங்க. டைரக்டர் வரும்போது பச்சைப் பசேல்னு தெரியணும்."

"சார், வானம் துடைச்சு வெச்சாப்ல இருக்குங்க. காத்தும் இல்லீங்க. இன்னிக்குப் பனி உளுகுமுங்க."

"ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது. சொன்னதைச் செய்யுங்க."

ராஜேந்திரன் பக்கத்திலேயே நின்றார். நான்தான் ஆட்களைக் கூப்பிட்டு மிலாரை எடுக்கச் சொன்னேன். உத்தரவை எழுத்தில் கேட்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது, இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

மனசு கேட்காமல் காலை ஐந்தரைக்கே வந்துவிட்டேன். பாத்தியெல்லாம் வெள்ளை. கை விறைக்க விறைக்கத் தண்ணீர் தெளித்தேன். துணைக்கு இரண்டு பேர் வந்து சேர்வதற்குள் ஆறேகால். ஏழு மணிக்கு வழக்கம் போல வெப்பமானி பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன். வெயில் இறங்குவதற்குள் மூன்று பேரும் பூவாளியால் தெளிக்க முடிந்த பாதி பிழைத்தது. மற்ற பாதி போனது. பெரிய அதிகாரி கடைசியில் வரவே இல்லை.

அலுவலர் பதினொரு மணிக்கு வந்தார். கருப்பாகத் தொங்கிக்கொண்டிருந்த நாற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நேராக ஆபீசுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

3. விசாரணை

விசாரணை அதிகாரியாக யாரைப் போட்டார்கள் தெரியுமா? அதே அலுவலரை. என் மேல் புகார் எழுதியவரும் அவர், என்னை விசாரித்தவரும் அவர். "மிலாரை எடுக்கச் சொன்னது நீங்கதானுங்களே" என்றேன். "கேள்வி கேக்கறது நான்" என்றார்.

சாட்சியாக ராஜேந்திரனைக் கூப்பிட்டார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றார். அவருக்கு இரண்டு குழந்தைகள், அந்த வருடம்தான் வீடு கட்டக் கடன் வாங்கியிருந்தார். காரணம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

முடிவு வருவதற்கு முன் அலுவலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என் கவனக்குறைவுதான்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க. சின்ன தண்டனையோட முடிச்சுடலாம்."

"அஞ்சரை மணிக்கு வந்து கை மரத்துப் போனவ நானுங்க. கவனக்குறைவுன்னு என் கையாலயே எழுதோணுமுங்களா? மாட்டேனுங்க."

பதவி இறக்க உத்தரவு வந்தது. மேற்பார்வையாளர் பாக்கியம் களப்பணியாளர் பாக்கியமானாள். முதல் நிலைப் பதவி உயர்வுப் பட்டியலில் முதலாவதாக இருந்த என் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த இடம் ராஜேந்திரனுக்குப் போனது. மேல்முறையீடு செய்தேன். மூன்றே வரியில் தள்ளுபடி.

பதவி இறக்கிய மறுநாள் காலை மண்வெட்டியோடு வரிசையில் நின்றேன். வருகைப் பதிவேட்டில் ராஜேந்திரன் பெயர் கூப்பிட வேண்டும். என் முறை வந்ததும் அவர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே நின்றார். "கூப்புடுங்க ராஜேந்திரன், பாக்கியம்னுதான் பேரு, மறந்துபோச்சா" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உள்ளே அழுகைதான். பன்னிரண்டு வருடம் நான் கூப்பிட்ட வரிசை அது.

4. வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்

ஊழியர் சங்கத்துக்காரர்கள் சென்னையில் சுகுணா என்ற வக்கீலிடம் அனுப்பினார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா. என் பனிக் கடிதத்தைத்தான் முதலில் படித்தார்.

"இதை எழுதின கையை என்ன செய்யலாம்?"

"அதுதானுங்க அன்னிக்கே மரத்துப் போச்சு" என்றேன். சிரித்துவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தார். மேல்முறையீட்டுக் கட்டிலிருந்து சங்கத்துக்காரர்கள் நகல் வாங்கி அவருக்கு அனுப்பியிருந்த அலுவலரின் ஆய்வுக் குறிப்பு அது. சத்தமாகப் படித்தார்: 'காலை ஏழு மணிக்கு ஆய்வு செய்தபோது நாற்றுகள் கருகிக் கிடந்தன. மேற்பார்வையாளர் பணியிடத்தில் இல்லை.'

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா சிரிக்கிறீங்க?"

"பனி உளுந்த நாத்து ஏழு மணிக்கு வெள்ளையாத்தானுங்க இருக்கும். இல நிமுந்து நிக்கும். வெயில் பட்டு, பனி இளகினாத்தான் வதங்கிக் கருப்பாகும். எங்க நாற்றங்காலுக்குக் கிழக்கால மலைங்க. வெயில் எறங்கறதுக்கே ஒம்பதரை ஆகுமுங்க. இவரு ஏழு மணிக்கு வரவே இல்லீங்க. பதினொரு மணிக்குப் பார்த்தத ஏழுன்னு எழுதீட்டாருங்க."

"இதை விசாரணையில சொல்ல வேண்டியதுதானே?"

"இந்தக் குறிப்பை எனக்குக் காட்டவே இல்லீங்களே. இப்பத்தானுங்க கேக்கறேன்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "காட்டவே இல்லையா? புகார் கொடுத்தவரே விசாரிச்சு, ஆவணத்தையும் காட்டல. இதுவே நமக்குப் போதும். ஆனா வெயில் ஒன்பதரைக்குத்தான் வந்துச்சுன்னு நீங்க சொன்னா கோர்ட் எப்படி நம்பும்? பேப்பர் இருக்கா?"

இருந்தது. அதை நினைத்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

5. கண்ணாடிக் குண்டு

நாற்றங்கால் ஓரத்தில் வானிலைக் கருவிகள் இருக்கும். அதில் ஒன்று கண்ணாடிக் குண்டு. அதற்குப் பின்னால் தினமும் ஒரு அட்டை சொருகுவோம். வெயில் குண்டு வழியாக விழுந்து அட்டையைச் சுட்டுக்கொண்டே போகும். எந்த மணிக்கு வெயில் வந்தது, எப்போது போனது என்று சுட்ட கோடே சொல்லிவிடும். பன்னிரண்டு வருடம் நான் மாற்றிய அட்டை. விசாரணையில் அந்தக் குறிப்பைக் காட்டாததால் அட்டைக்கு வேலையே வரவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த புதிது. அன்றைய அட்டைக்கும் பதிவேட்டுக்கும் நகல் கேட்டு மனுப் போட்டோம். மனு மேலிடம் போய், அங்கிருந்து பண்ணைக்கே வந்தது. பழைய அட்டைக் கட்டைத் தேடி எடுத்து, 'உண்மை நகல்' என்று கையெழுத்துப் போட வேண்டியவர் முதல் நிலை மேற்பார்வையாளர். அதாவது ராஜேந்திரன்.

நான் களை எடுத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தார்.

"அக்கா, ஆபீசர் கூப்பிட்டு, கட்டு கரையான் அரிச்சுப் போச்சுன்னு எழுதச் சொல்றாருங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இந்தக் குளுருல கரையான் எங்கீங்க சார் இருக்குதுன்னு கேட்டேனுங்க." குனிந்து ஒரு களையைப் பிடுங்கிப் போட்டார். "கையெழுத்துப் போட்டு அனுப்பீட்டேனுங்க. அன்னிக்கு ஞாபகம் இல்லைன்னு சொன்னனல்லங்க. இன்னிக்கு ஞாபகம் வந்துருச்சு."

நான் ஜெயித்தால் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி போகும். அது தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டார். அந்த மனுஷனை நான் ஒரு மாதம் பேசாமல் வதைத்தேனே என்று அன்றைக்கு வெட்கப்பட்டேன்.

6. கோர்ட்டில் ஓர் அட்டை

வழக்கு முடிய மூன்று பனிக்காலம் ஆயிற்று. கடைசி வாதத்தன்று நான் நேரில் போயிருந்தேன். ஊட்டி ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வேர்த்து வழிந்து, பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாதி ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை. அட்டையின் நகலை நீட்டியதும் புரிந்துவிட்டது.

நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். வக்கீல் சொன்னார்: "ஏழு மணிக்கு நாற்று கருகியதாக அதிகாரி எழுதியிருக்கிறார். அட்டை கருக ஆரம்பித்ததே ஒன்பதரைக்கு மேல். மனுதாரர் ஏழு மணிக்கு எழுதிய பதிவேட்டில் 'வெண்பனி, இலை நிமிர்ந்துள்ளது' என்று இருக்கிறது. இதில் அலுவலரே அன்று மேலொப்பம் போட்டிருக்கிறார்."

அரசு வக்கீல் எழுந்து, மனுதாரர் திமிராகப் பதில் கொடுத்தவர் என்று என் பனிக் கடிதத்தைப் படித்தார். கோர்ட்டே சிரித்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. நீதிபதி தமிழில் கேட்டார்:

"திமிரா எழுதினாங்க, சரி. இதுல எது பொய்?"

ராஜேந்திரனிடம் நான் கேட்ட அதே கேள்வி. அரசு வக்கீல் கடிதத்தைக் கட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

புகார் கொடுத்தவரே விசாரித்தது செல்லாது, ஆவணத்தை மறைத்தது தவறு, குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லை என்று உத்தரவு வந்தது. பதவி இறக்கம் ரத்து. பணியில் எனக்கு இளையவர் முதல் நிலைக்கு உயர்ந்த நாளிலிருந்தே என்னையும் உயர்ந்தவளாகக் கருத வேண்டும் என்றார்கள். வெளியே வந்து வராந்தாவில் நின்று ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில் அப்படி அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

7. நாற்காலி

நான் திரும்பிப் போன அன்று ராஜேந்திரன் பதிவேட்டை மேசையில் விரித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். "உங்க எடமுங்க்கா, தொடச்சு வெச்சிருக்கேன்" என்றார். அவரைக் கீழே இறக்காமல் பக்கத்துப் பண்ணையில் காலியாக இருந்த முதல் நிலை இடத்துக்கு மாற்றினார்கள் என்பதில் எனக்கு இரட்டைச் சந்தோஷம். வரிசையில் நின்றவர்களின் பெயரை அன்று நான் கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டேன்.

பழைய அலுவலர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவரும் சமவெளிக்காரர்தான், நல்ல மனிதர். டிசம்பரில் ஒரு சாயங்காலம் வந்தார்.

"அம்மா, நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். இந்த மிலாரை மட்டும் எடுத்துடலாமா?"

"எடுத்துரலாமுங்க சார்" என்றேன். பதிவேட்டை விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினேன். "இதுல ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். பிறகு அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பேனாவை மூடி என்னிடமே கொடுத்தார்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாயால் சொன்ன உத்தரவுக்கு, தப்பு நடந்த பிறகு சொந்தக்காரர் யாரும் இருக்க மாட்டார். எழுதி வாங்குங்கள். கோபம் வந்தால் தண்ணீர் குடியுங்கள், மெமோவுக்குப் பதில் மறுநாள் எழுதுங்கள். அன்றாடம் எழுத வேண்டிய பதிவேட்டை மட்டும் அன்றன்றே எழுதிவிடுங்கள். என்னைக் காப்பாற்றியது அதுதான்.

அவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்த மறுநாள், ஏழு மணிக்கு வெப்பமானி பார்த்துவிட்டு மிலாரைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். பிறகு எழுதினேன்: 'வெண்பனி. நாற்று அனைத்தும் நலம். கு. பாக்கியம், முதல் நிலை மேற்பார்வையாளர்.'