அனீசாவின் பத்தொன்பதாவது கோலாலம்பூர்

புனேயிலிருந்து கோலாலம்பூருக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போவது அனீசாவின் வேலை. ஒன்பது வருடத்தில் பதினெட்டு முறை போய் வந்துவிட்டாள். எல்லோரும் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது அவள் மட்டும் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பாள்.

வீடு புனேயை ஒட்டிய போசரியில். கணவர் கலீல் அங்கே தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் போல்ட், நட்டு விற்கும் கடை வைத்திருக்கிறார். இருவருக்கும் பூர்வீகம் நெல்லை மேலப்பாளையம். கோலாலம்பூரில் பஸ் டிரைவர், கடைக்காரர் என்று பலரிடம் தமிழிலேயே பேசிக் காரியத்தை முடித்துவிடலாம் என்பதால், கம்பெனி அவளை அந்த ஊருக்கென்றே ஒதுக்கிவிட்டது.

அந்த ஊர் அவளுக்கு அலுக்கவில்லை. கூட வருகிறவர்கள்தான் அலுத்துப் போனார்கள். கடல் தாண்டி வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே, "தாயி, போஹா கிடைக்குமா?" என்பார்கள். மராத்தியில் போஹா என்றால் அவல் உப்புமா, தாயி என்றால் அக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பத்தொன்பதாவது பயணத்தில் இருபத்தெட்டு பேர். அதில் புனேயின் தாபோடிப் பகுதியிலிருந்து வந்த சுந்தரமூர்த்தியும் அவர் மனைவி சரசாவும் இருந்தார்கள். சுந்தரமூர்த்தி ராணுவப் பணிமனையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். நெல்லைப் பக்கம், சுத்த சைவம். அனீசாவும் அந்தப் பக்கம்தான் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். அதற்குப் பிறகு குறைகளையெல்லாம் தமிழிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார். புரியாத மாதிரி நடிக்கவும் அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. பத்துமலை முருகன் கோயிலில் படிகள் ஒரே உயரமாக இல்லை என்றார். குரங்கு அவருடைய வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போனபோது, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். சரசா ஒன்றும் பேச மாட்டாள். தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள்.

மூன்றாம் நாள் மதியம், சீனர் தெருவில் ஒரு சீன சைவ உணவகத்துக்கு அனீசா ஏற்பாடு செய்திருந்தாள். புத்த மதத்துக்காரர்கள் நடத்துவது. வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. குழுவிலிருந்த ஜைனத் தம்பதிக்கும் ஆகும். "பார்க்கக் கறி மாதிரி இருக்கும், ஆனால் எல்லாம் சோயாவும் கோதுமையும்தான், பயப்படாதீர்கள்" என்று பஸ்ஸில் மைக்கைப் பிடித்து மூன்று தடவை சொன்னாள். சுந்தரமூர்த்தி அப்போது குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

தட்டு வந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஏம்மா, என்னது இது? எலும்போட கறியக் கொண்டாந்து வச்சிருக்காவ!"

"அது எலும்பு இல்ல சார், கரும்புக் குச்சி. சோயாவ அதுல சுத்தி வச்சிருக்காங்க. பஸ்லயே சொன்னேனே."

"எங்க சொன்னே? எனக்குக் கேக்கல."

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க சார்."

"தூங்குத மனுசன எழுப்பிச் சொல்லணுமா வேண்டாமா?"

அதோடு விடவில்லை. யாரும் தொடாதீர்கள் என்று இந்தியில் சத்தம் போட்டார். அத்தனை கைகளும் அப்படியே நின்றன. சமையலறையிலிருந்து கடைக்காரச் சீனப் பெண் ஓடி வந்தாள். ஒரு துண்டைப் பிய்த்துக் காட்டினாள். குச்சியை உருவித் தானே கடித்து மென்று காட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் சரசா தன் தட்டிலிருந்ததை எடுத்து ஒரு கடி கடித்தாள்.

"சரசா, கீழ வை!"

"நல்லாத்தான் இருக்கு. நீங்க சத்தம் போடாம உக்காருங்க."

சுந்தரமூர்த்தி விறுவிறுவென்று வெளியே போய் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டார். சரசா சாப்பிடுவதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கை வைத்தார்கள். ஜைனத் தம்பதி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்கள்.

மறுநாள் காலை ஓய்வு. பன்னிரண்டு மணி வரை காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டும் என்று முந்தின இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஏழரைக்குக் கதவு தட்டும் சத்தம். சரசா கைப்பையோடு நின்றாள்.

"அவுக டிவி பாத்துட்டு இருக்காவ. நேத்து சாப்ட்டத எப்படிப் பண்ணுதாவன்னு எனக்குப் பாக்கணும். கூட்டிட்டுப் போறியா?"

"இன்னைக்கு எனக்கு லீவும்மா. காலு வேற வலிக்கு."

"எனக்கும்தான் வலிக்கு. மெதுவாப் போவோம்."

போனால் கடை திறக்கப் பதினோரு மணியாகும் என்று பலகை தொங்கியது. அனீசாவுக்கு அழுகையே வந்துவிட்டது. சரசா அசரவில்லை. தெருமுனையில் பருப்புக் குழம்போடு, பரோட்டா மாதிரி இருந்த ரொட்டி சானாய் சாப்பிட்டாள். தேங்காய்ப்பாலில் பச்சைப் புழு மாதிரி மிதந்த செண்டோல் என்ற இனிப்பைப் பார்த்து, "இதுல முட்டை, கிட்டை உண்டான்னு கேளு" என்றாள். இல்லை என்றதும் கிண்ணத்தைக் காலி செய்தாள். ஒவ்வொரு கடையிலும் இந்த விசாரணை நடந்தது. சீனப் பெண் ஒருவழியாகக் கடையைத் திறந்தபோது மொழி புரியவில்லை. பக்கத்தில் பூக்கடை வைத்திருந்த தமிழ்ப் பெண்தான் வந்து நடுவில் நின்று பேசினாள். சரசா கையைக் கழுவிக்கொண்டு, ஊறவைத்த சோயாப்பால் ஆடையைக் குச்சியில் சுற்றிப் பழகினாள். மூன்று தடவை அவிழ்ந்தது. நாலாவதுதான் நின்றது.

ஹோட்டலுக்குத் திரும்பும்போது பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் தாமதம். பஸ்ஸிலிருந்த எல்லோரும் அனீசாவைத்தான் முறைத்தார்கள்.

புனே திரும்பி ஒரு வாரத்தில் அவருடைய புகார்க் கடிதம் அலுவலகத்துக்கு வந்தது. சைவக் குடும்பத்துக்குக் கறி பரிமாறினார், என் மனைவியை வற்புறுத்தித் தின்ன வைத்தார் என்று இருந்தது. அனீசா என்ற பெயருக்குப் பக்கத்தில் அந்த வரியைப் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். மேலாளர் ப்ரீதி, விசாரணை முடியும்வரை அடுத்த பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"விட்டுத் தள்ளு. நம்ம கடைக்கு வா" என்றார் கலீல்.

"வரலாம். கறி போட்டேன்னு அங்க யாரும் எழுத மாட்டாங்க" என்றாள் எரிச்சலோடு. ஆனால் தூக்கம் வரவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு சரசாவுக்குப் போன் செய்து கடிதத்தைப் படித்துக் காட்டினாள்.

"வற்புறுத்தினியா? நீயா?" என்றாள் சரசா. "நானால்லா எடுத்துக் கடிச்சேன். மறுநாளும் லீவுன்னு சொல்லி நீ வரவே மாட்டேன்னுல்லா நின்னே!"

மறுநாள் காலை சரசா அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். நாற்பது வருடம் தாபோடியில் பேசிப் பழகிய மராத்தியில், நடந்ததை நடந்தபடி ப்ரீதியிடம் சொன்னாள். ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். நீங்கள் வந்தது உங்கள் கணவருக்குத் தெரியுமா என்று ப்ரீதி தயங்கிக் கேட்டாள்.

"தெரியும். நேற்று எல்லாம் சொல்லி நான்தான் கூட்டி வந்தேன். கீழே ரிக்‌ஷாவில்தான் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிடட்டுமா?"

சுந்தரமூர்த்தி மேலே வந்தார். அனீசாவைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு எனக்கு விவரம் தெரியல" என்றார்.

"மூணு தடவ சொன்னேன் சார்."

"சரிம்மா, சரி." என்றவர் ப்ரீதி பக்கம் திரும்பி, அந்தக் கடிதத்தைக் கொடுங்கள் என்று மராத்தியில் கேட்டார்.

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்தும் வரவில்லை, ப்ரீதியின் வாயிலிருந்தும் வரவில்லை. சரசா மட்டும் படியில் நின்று, "நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத" என்று அனீசாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். மனதில் வைத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது என்று அனீசாவுக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதமே அவளை மறுபடி கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. எந்த உணவகத்தில் என்ன பரிமாறப்படும், அது எதில் செய்தது என்று மூன்று பக்கத்துக்கு ஒரு படிவம் போட்டிருக்கிறார்கள். புறப்படுமுன் அதை மராத்தி, இந்தி, தமிழ் மூன்றிலும் அவளே வாசித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். நாற்பது நிமிடம் பிடிக்கிறது. இரண்டாம் பக்கம் முடிவதற்குள் பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.